மூவாடை நெறி: பண்டைப் பௌத்தத் துறவியரின் உடைக் கணக்கு

உணவுக்கு வயிறு ஓர் அளவு வைத்திருக்கிறது. உறக்கத்திற்கு இரவு ஓர் அளவு வைத்திருக்கிறது. உடைக்கு மட்டும் இயற்கை எந்த அளவையும் வைக்கவில்லை. உண்டவன் “போதும்” என்பான். உடுத்தவன் அவ்வாறு சொல்வது அரிது. ஆகவே உடைக்கு அளவு காண விழைந்தவர்கள் அதனைத் தாமே ஆராய்ந்து வகுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

அவ்வாறு வகுத்தவர்களுள் பழமையாலும் தொடர்ச்சியாலும் முதன்மை பெறுவோர் பௌத்தத் துறவியர். கங்கைச் சமவெளியில் ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன் தோன்றிய ‘மூன்று ஆடை’ என்னும் விதி, இன்றும் பினாங்கு, கோலாலம்பூர், சிங்கப்பூர் ஆகிய நகரங்களின் தேரவாத விகாரங்களில் உயிரோடு விளங்குகிறது. இவ்விதி எவ்வாறு பிறந்தது, எவ்வாறு வளைந்து கொடுத்தது, ஏன் நிலைத்தது என்பவற்றைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதற்குரிய முதன்மைச் சான்று பாலி மொழியிலுள்ள விநய பிடகம். அதன் ஒரு பகுதியாகிய மகாவக்கத்தின் 8ஆம் அதிகாரம் முழுவதும் ஆடையைப் பற்றியதே. அதற்குச் ‘சீவரக் கந்தகம்’ என்று பெயர். சீவரம் என்பது துறவியின் ஆடை. இந்நூல் நெடுங்காலம் வாய்மொழியாக ஓதப்பெற்று, கி.மு. முதல் நூற்றாண்டில் இலங்கையில் ஏட்டில் ஏற்றப்பெற்றது என்பது மரபு. எனவே இதில் வரும் கதைகள் ஒவ்வொன்றையும் கண்ணாற் கண்டவர் எழுதிய குறிப்பாகக் கொள்ளுதல் பொருந்தாது. ஆயினும் பிற்காலத்தில் பல பிரிவுகளாகப் பிரிந்த பௌத்தச் சங்கங்கள் அனைத்தும் தத்தம் விநய நூல்களில் மூவாடை விதியைப் பொதுவாகக் கொண்டிருக்கின்றன. பிரிந்தவர்கள் எல்லாரும் ஒன்றையே கூறுவராயின், அது பிரிவினைக்கு முற்பட்டது என்று துணியலாம்.

இரு கோடிகளுக்கு இடையே

புத்தர் வாழ்ந்த காலத்தில் துறவியர் உடை பற்றி ஒருமித்த கருத்து இருக்கவில்லை. ஆசீவகர் ஆடையின்றித் திரிந்தனர். மகாவீரர் துறவு பூண்ட பின் ஓராண்டும் ஒரு திங்களும் ஓர் ஆடையுடன் இருந்து, பின்னர் அதனையும் நீத்தார் என்று சுவேதாம்பரச் சமணர் போற்றும் ஆசாராங்க சூத்திரம் கூறும். திகம்பரரோ தொடக்கத்திலேயே அவர் உடை துறந்தார் என்பர். மரவுரி, மயிராடை, தோலாடை எனப் பலவகை உடுத்த தவத்தோரும் இருந்தனர்.

இத்தகைய சூழலில் ஒரு பிக்கு ஆடையின்றிப் புத்தரிடம் வந்து, அதுவே பற்றின்மைக்கு ஏற்ற கோலம் என்று புகழ்ந்ததாகவும், புத்தர் அதனை ஏற்க மறுத்ததாகவும் மகாவக்கம் கூறுகிறது. ஆடை முற்றும் வேண்டா என்பது ஒரு கோடி. கிடைத்ததையெல்லாம் குவிப்பது மற்றொரு கோடி. மூவாடை விதி இவ்விரண்டிற்கும் நடுவே எழுந்தது.

முதலில் பிக்குகள் குப்பைமேட்டிலும் சுடுகாட்டிலும் கிடந்த கந்தல்களைப் பொறுக்கித் துவைத்துத் தைத்து உடுத்தினர். இந்நிலையை மாற்றியவன் இராசகிருகத்து மருத்துவன் சீவகன். உச்சயினி மன்னன் பிரச்சோதனனின் நோயைத் தீர்த்ததற்காக அவனுக்கு உயர்ந்த துணி இணை ஒன்று பரிசாக வந்தது. அதனைப் புத்தருக்கு அளித்த சீவகன், இல்லறத்தார் தரும் ஆடையைத் துறவியர் ஏற்க அனுமதி வேண்டும் என்று கேட்டான். அனுமதி கிடைத்தது. கந்தல் உடுக்க விரும்புவோர் அதனையே உடுக்கலாம். கொடையை ஏற்க விரும்புவோர் ஏற்கலாம். இரண்டும் ஒக்கும் என்பது விதி.

செய்தி பரவியதும் மக்கள் திரள் திரளாகத் துணி கொண்டுவந்து கொடுத்தனர் என்கிறது நூல். வறுமையால் வராத சிக்கல் வளத்தால் வந்தது.

ஒரு குளிர் இரவு

இராசகிருகத்திலிருந்து வைசாலி செல்லும் வழியில் புத்தர் ஒரு காட்சியைக் கண்டார். பிக்குகள் பலர் தலையில் ஒரு மூட்டை, தோளில் ஒரு மூட்டை, இடுப்பில் ஒரு மூட்டை என ஆடைகளைச் சுமந்து நடந்தனர். வீட்டைத் துறந்தவர்கள் துணிக்குச் சுமைகாரர்களாகிவிட்டனர். இதற்கு ஓர் எல்லை கட்ட வேண்டும் என்று அவர் எண்ணினார்.

எல்லையை அவர் எவ்வாறு கண்டார் என்பதே இவ்வரலாற்றின் சிறப்பான பகுதி. வைசாலியில் கோதமகச் சைத்தியத்தில் தங்கியபோது குளிர் மிகக் கடுமையாக இருந்தது. மாசிப் பருவத்தை ஒட்டிய அந்த எட்டு நாளும் பனி கொட்டும் நாட்கள். அவர் ஓர் இரவு திறந்த வெளியில் ஒரே ஆடையுடன் அமர்ந்தார். முதல் யாமம் கழியும்வரை குளிரவில்லை. அது கழிந்ததும் குளிர்ந்தது. இரண்டாம் ஆடையைப் போர்த்தினார். நடுயாமம் கழிந்ததும் மீண்டும் குளிர்ந்தது; மூன்றாவதைப் போர்த்தினார். கடையாமம் கழிந்து கீழ்வானம் வெளுக்கும் வேளையில் நான்காவதும் வேண்டியிருந்தது. அதற்குமேல் தேவைப்படவில்லை.

குளிர் தாங்காத மென்மையான உடலினரும் இவ்வளவில் வாழலாம் என்று கண்டு அவர் விதித்தவை மூன்று: இடுப்பில் உடுக்கும் அந்தரவாசகம் ஒன்று, மேலே போர்த்தும் உத்தராசங்கம் ஒன்று, இரட்டை மடிப்பாகத் தைத்த சங்காடி ஒன்று. முன்னவை இரண்டும் ஒற்றைத் துணி. சங்காடி இரட்டைத் துணி. கூட்டிப் பார்த்தால் ஆடை மூன்று, அடுக்கு நான்கு. அந்த இரவு கேட்ட நான்கையும் கொடுத்து, சுமையை மூன்றாகக் குறைத்திருக்கிறது இக்கணக்கு. ‘மூன்று’ என்னும் எண்ணை ஒரு தத்துவமும் தரவில்லை, குளிரே தந்தது.

பத்து நாள் தவணை

விதி பிறந்தவுடன் அதன் ஓட்டைகளும் பிறந்தன. ‘அறுவர் குழு’ என்று விநயத்தில் அடிக்கடி பேசப்படும் பிக்குகள், மூவாடை என்பதற்குப் புதுப்பொருள் கண்டனர். ஊருக்குள் செல்ல ஒரு மூவாடை, விகாரத்தில் இருக்க ஒரு மூவாடை, நீராடச் செல்ல ஒரு மூவாடை எனப் பகுத்துக்கொண்டனர். எழுத்தளவில் விதி காக்கப்பட்டது, கருத்தளவில் கொலையுண்டது. எனவே மூன்றுக்கு மேற்பட்ட ஆடை வைத்திருத்தல் குற்றம் என விதி இறுகியது.

இறுகிய விதி உடனே ஒரு நல்ல மனத்தைத் தடுத்தது. ஆனந்தருக்கு ஓர் ஆடை மிகையாகக் கிடைத்தது. அதனைச் சாரிபுத்தருக்கு அளிக்க அவர் விரும்பினார். சாரிபுத்தரோ சாகேத நகரில் இருந்தார். “அவர் வர எத்தனை நாளாகும்?” என்று புத்தர் கேட்க, “ஒன்பது அல்லது பத்து நாளாகும்” என்றார் ஆனந்தர். மிகையாடையைப் பத்து நாள்வரை வைத்திருக்கலாம் என்ற திருத்தம் அதனால் வந்தது. பிறருக்குக் கொடுப்பதற்காகத் தோன்றிய தவணை அது என்பதை மறத்தல் ஆகாது. ஓர் ஆடைக்குத் துணி போதாமல் மேலும் துணியை எதிர்நோக்கி இருப்பவர் கையிலுள்ளதை ஒரு திங்கள்வரை வைத்திருக்கலாம் என்பது பின்வந்த மற்றொரு திருத்தம்.

தவணையைக் கடந்தால் தண்டனை யாது? அந்த ஆடையைச் சங்கத்தின் முன்னோ மற்றொரு பிக்குவின் முன்னோ விட்டுக்கொடுத்துக் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். பின்னர் அதே ஆடை அவரிடமே திருப்பிக் கொடுக்கப்படும். பறிப்பது இவ்விதியின் நோக்கமன்று; “இது என்னுடையது” என்னும் பிடியை ஒருமுறை தளர்த்திக் காட்டுவதே நோக்கம்.

விதிக்கு மறுபக்கமும் உண்டு. மூன்றுக்கு மேல் கூடாது என்பது போலவே மூன்றைக் கைவிடவும் கூடாது. சிலர் கனமான சங்காடியைப் பிறரிடம் ஒப்படைத்துவிட்டு இரண்டே ஆடையுடன் ஊர்ப்பயணம் சென்றனர். கிடந்த ஆடைகள் பூஞ்சணம் பிடித்தன. காத்திருந்தவர்கள் அவற்றை வெயிலில் காயவைக்க நேர்ந்தது. அதன்மேல், மூவாடையை விட்டு ஓர் இரவும் பிரிந்திருத்தல் ஆகாது என்ற விதி வந்தது. நோயுற்றுச் சுமக்க இயலாதவருக்குச் சங்கம் விலக்கு அளிக்கலாம். தன் உடைமையின் பாரத்தையும் பராமரிப்பையும் பிறர்மேல் ஏற்றுதல் எளிமை ஆகாது என்பது இதன் கருத்து.

வயலைப் போன்ற ஆடை

ஆடையின் எண்ணுக்கு மட்டுமன்றி அதன் துணிக்கும் நிறத்திற்கும் அமைப்பிற்கும் விதி உண்டு. ஆளிநார், பருத்தி, பட்டு, கம்பளி, சணல் முதலிய 6 வகைத் துணிகள் அனுமதிக்கப்பட்டன. வேர், தண்டு, பட்டை, இலை, பூ, காய் ஆகிய 6 வகைப் பொருளிலிருந்து சாயம் எடுக்கலாம். மரப்பட்டையின் துவர்நிறம் ஏறிய ஆடையையே தமிழர் துவராடை என்றனர். புது ஆடையில் நீலமோ சேறோ கருமையோ கொண்டு ஒரு புள்ளி இட்டு அதன் புதுமையைக் கெடுத்த பின்னரே உடுத்த வேண்டும்.

அமைப்பைத் தந்தது மகதத்தின் வயற்புறம். தக்கிணகிரிக்குச் செல்லும்போது வரப்புகளால் பாத்தி பாத்தியாகப் பிரிக்கப்பட்ட நெல்வயல்களைப் புத்தர் ஆனந்தருக்குக் காட்டினார். “இவ்வாறு ஆடை அமைக்க உன்னால் இயலுமா?” என்றார். ஆனந்தர் துணியைத் துண்டு துண்டாக வெட்டி, வரப்புப் போல் இடைக்கோடுகள் வைத்துத் தைத்தார். இன்றும் பிக்குகளின் ஆடையில் அவ்வயலின் படத்தைக் காணலாம். அழகிற்கு அப்பால் ஒரு பயனும் இருந்தது. வெட்டித் தைத்த துணிக்குச் சந்தையில் விலை இல்லை; கள்வரும் விரும்பார். சிறு துண்டுகளையும் வீணாக்காமல் சேர்த்துக்கொள்ளவும் முடிந்தது.

ஆடையின் அளவைப் பற்றியும் ஒரு கதை உண்டு. புத்தரின் சிற்றன்னை மகனாகிய நந்தர், உயரத்தில் அவரினும் நான்கு விரற்கடையே குறைந்தவர். அவர் புத்தரின் ஆடை அளவிலேயே ஆடை உடுத்து வந்தபோது, தொலைவில் கண்ட பிக்குகள் புத்தரே வருகிறார் என்று எண்ணி எழுந்து நின்றுவிட்டனர். ஆகவே 9 சாண் நீளமும் 6 சாண் அகலமும் கொண்ட புத்தரின் ஆடை அளவை ஏனையோர் எட்டலாகாது என்று விதிக்கப்பட்டது. ஆடை ஒருவருக்கு இல்லாத பெருமையை அளித்துவிடும் என்பதை அன்றே உணர்ந்திருந்தனர்.

கார்காலமும் கடினமும்

மழைக்காலத்தில் மூன்று திங்கள் பிக்குகள் பயணம் செய்யாமல் ஓரிடத்தில் தங்குவர். இக்கார்கால உறைவே உடைக் கணக்கின் ஆண்டுச் சுழற்சிக்கு அச்சாணி.

சாவத்தி நகரத்து விசாகை என்னும் பெருமாட்டி ஒருநாள் உணவு ஆயத்தம் என்று அறிவிக்கப் பணிப்பெண்ணை விகாரத்திற்கு அனுப்பினாள். பிக்குகள் உடையின்றி மழையில் நீராடிக்கொண்டிருந்தனர். உடுத்ததை நனைத்தால் மாற்றுடை இல்லை. இதனை அறிந்த விசாகை, கார்காலத்திற்கு மட்டும் ஒரு நீராட்டுத் துணி வழங்கும் வரம் வேண்டினாள். 6 சாண் நீளமும் 2½ சாண் அகலமும் உடைய அத்துணி மழைக்காலத் திங்கள் நான்கிற்கு மட்டுமே உரியது. வேனிலின் கடைசித் திங்களில் அதனைத் தேடலாம். கடைசி அரைத் திங்களில் தைத்து உடுத்தலாம். அதற்கு முந்தினால் குற்றம்.

மற்றொரு ஏற்பாடு கடினம். பாவா நாட்டுப் பிக்குகள் முப்பதின்மர் புத்தரைக் காணச் சாவத்தி நோக்கி வந்தனர். வழியில் சாகேதத்தில் மழைக்காலம் தொடங்கிவிட்டது. இன்னும் ஆறு யோசனைத் தொலைவே இருக்க, அங்கேயே ஏக்கத்துடன் மூன்று திங்கள் தங்கினர். தங்கல் முடிந்தவுடன் மழை நிற்பதற்கும் காத்திராமல் சேற்றில் நடந்து, நனைந்த ஆடையும் களைத்த உடலுமாக வந்து சேர்ந்தனர். அதன்பின் கார்கால உறைவை முடித்தவர்கள் கடினம் விரிக்கலாம் என்று அனுமதி அளிக்கப்பட்டது. கடினம் என்பது தைப்பதற்குத் துணியை இழுத்துக் கட்டும் மரச்சட்டத்தின் பெயர். அன்பர்கள் அளித்த துணியைப் பிக்குகள் கூடி வெட்டி, தைத்து, சாயமிட்டு அன்றைக்குள் ஆடையாக்கி, அதனைத் தம்முள் ஒருவருக்கு அளிப்பர். பெரும்பாலும் கந்தலாடையினர் அதற்கு உரியவராவர். இவ்வினை முடிந்தால் ஆடை விதிகள் சில தளரும். மூன்றையும் சுமக்காமல் பயணம் செய்யலாம். கிடைத்த துணியைத் தவணையின்றி வைத்திருக்கலாம். இத்தளர்வு கடினம் விரிக்காதவருக்கு ஒரு திங்கள். விரித்தவருக்குக் குளிர்காலம் முடியும்வரை ஐந்து திங்கள்.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. பழைய ஆடை கிழிவதும் புதிய துணி கிடைப்பதும் மழைக்குப் பிந்திய பருவத்தில்தான். அக்காலத்தில் கணக்கைத் தளர்த்தி, ஆடை ஆயத்தமானதும் மீண்டும் இறுக்கினர். விலக்கு இருந்தது; விலக்கிற்கும் நாள் குறிக்கப்பட்டிருந்தது.

உதயணன் கேட்ட கேள்வி

பெருங்கதை வாயிலாகத் தமிழர் நன்கறிந்த வத்தவ நாட்டு மன்னன் உதயணன் இவ்வரலாற்றிலும் வருகிறான். புத்தர் மறைந்த பின் கோசாம்பியில் ஆனந்தரின் அறவுரை கேட்ட அவன் தேவியர், அவருக்கு 500 ஆடைகள் வழங்கினர். உதயணன் சினந்தான். “இவ்வளவு ஆடையை ஏன் வாங்கினார்? துணி வாணிகம் செய்யப் போகிறாரா?” என்று எண்ணி அவரிடமே சென்று வினவினான்.

ஆனந்தர் அமைதியாக விடையளித்தார். புதியவை ஆடை நைந்த பிக்குகளுக்குப் பகிரப்படும். அவர்களின் பழைய ஆடைகள் படுக்கை விரிப்பாகும். பழைய விரிப்புகள் மெத்தை உறையாகும். பழைய உறைகள் தரை விரிப்பாகும். பழைய தரை விரிப்புகள் கால்மிதியாகும். பழைய கால்மிதிகள் தூசி தட்டும் துணியாகும். அவையும் நைந்தால் பொடியாக்கிச் சேற்றுடன் பிசைந்து தரை மெழுகப்படும். மன்னன் மகிழ்ந்து, தானும் 500 ஆடைகள் அளித்தான்.

தனியொருவருக்கு மூன்று என்ற எல்லை இருந்ததனாற்றான் 500 ஆடையும் ஒருவரிடம் தேங்காமல் ஓடிற்று. எல்லையில்லாத இடத்தில் கொடை குவியும். எல்லையுள்ள இடத்தில் கொடை பாயும்.

மகளிர்க்கு ஐந்து

பிக்குணியருக்கு மூன்று போதாது என்று கண்டு மார்புக்கச்சும் நீராட்டுத் துணியும் சேர்த்து ஐந்து ஆடை விதித்தனர். மணிமேகலையைக் காப்பியத் தலைவியாகக் கொண்ட தமிழர் இவ்வேறுபாட்டைக் கருதுதல் தகும். தேவையே அளவுகோல் எனில் தேவை வேறுபடும் இடத்தில் எண்ணும் வேறுபடும்.

ஆயினும் எண்ணும் அளவும் பூசலுக்கும் இடமாயின. புத்தர் மறைந்து நூறாண்டின் பின் வைசாலியில் கூடிய இரண்டாம் பேரவை ஆராய்ந்த பத்துப் பொருள்களுள், கரையில்லாத இருக்கைத் துணி ஆகுமா என்பதும் ஒன்று. பிற்காலப் பர்மாவில் இளந்துறவியர் ஊருக்குள் செல்லும்போது ஒரு தோளை மூடுவதா, இரு தோளையும் மூடுவதா என்று 18ஆம் நூற்றாண்டில் பெரும்பூசல் நிகழ்ந்தது. போதவ்பயா மன்னர் (1782–1819) இரு தோள் வழக்கினர் பக்கம் தீர்ப்பளித்தார். உடையைச் சுருக்கியதால் மட்டும் உடைபற்றிய செருக்கு ஒழிந்துவிடாது என்பதற்கு இவை சான்று.

தமிழகமும் கடாரமும்

இவ்விதிகள் தமிழர்க்கு அயலானவை அல்ல. சோழநாட்டைச் சேர்ந்த புத்ததத்தர் காவிரிக் கரையிலுள்ள பூதமங்கலத்தில் தங்கி, விநய விதிகளைப் பாலிச் செய்யுளில் சுருக்கி ‘விநய விநிச்சயம்’ இயற்றினார். களப்பிர மன்னன் அச்சுதவிக்கந்தன் காலம் அது.

671இல் சீனாவிலிருந்து கடல்வழி புறப்பட்ட இ-சிங் என்னும் துறவி, ஸ்ரீவிசயத்தில் தங்கிக் கடாரம் வழியாக இந்தியா சென்றார். திரும்பும் வழியில் ஸ்ரீவிசயத்தில் அமர்ந்து எழுதி 692இல் தம் நாட்டிற்கு அனுப்பிய நூலில் ஆடை விதிகளுக்குத் தனி இடம் அளித்தார். அக்கால ஸ்ரீவிசயத்தில் ஆயிரத்திற்கு மேற்பட்ட துறவியர் இருந்தனர் என்பதும் அவர் குறிப்பால் தெரிகிறது. நம் மலாய்த் தீவகம் அன்று விநயக் கல்விக்கு ஒரு வாயிலாக இருந்தது.

அதே கடாரத்தின் வேந்தன் மாறவிசயோத்துங்கவர்மன், தன் தந்தை பெயரால் நாகப்பட்டினத்தில் சூடாமணி வர்ம விகாரம் எழுப்பினான். சைவனாகிய முதலாம் இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில், 1006 அளவில், அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை அளித்தான். 1856 முதல் நாகப்பட்டினத்தில் கிடைத்த பௌத்தச் செப்புத் திருமேனிகள் முந்நூறுக்கு மேற்பட்டவை. அவற்றில் புத்தர் திருமேனிகளைக் கூர்ந்து நோக்குவோர், வைசாலிக் குளிரில் அளவு கண்ட அதே ஆடையைச் சோழநாட்டுக் கம்மியர் கைவண்ணத்தில் காண்பர்.

கணக்கின் பொருள்

1803இல் நிறுவப்பெற்ற பினாங்கின் பர்மியக் கோயிலிலும், 1894இல் தோன்றிய பிரிக்பீல்ட்ஸ் மகா விகாரத்திலும் கார்கால உறைவு முடிந்த ஒரு திங்களுக்குள் கடின விழா நடைபெறுகிறது. அக்டோபர், நவம்பர் மாதங்களில் அங்குச் செல்வோர் அன்பர்கள் துவராடையைத் தலைமேல் ஏந்தி வலம்வரக் காணலாம். பனியே அறியாத நம் நாட்டில் மூன்றாம் ஆடைக்குக் குளிர் ஒரு காரணமாகாது. ஆயினும் கணக்கு மாறவில்லை.

ஏன் மாறவில்லை? மூவாடை நெறியின் உயிர் மூன்று என்னும் எண்ணில் இல்லை. இன்னதற்கு இத்தனை என்று ஆய்ந்து அறிதல், மிகைக்கு நாள் குறித்தல், குறித்த நாளுக்குள் இல்லாதவரிடம் சேர்த்தல் ஆகிய மூன்றிலேயே அது இருக்கிறது. இல்லறத்தார் மூவாடையோடு வாழ முடியாது. வாழ வேண்டும் என்று புத்தரும் கூறவில்லை. ஆனால் பெட்டியில் பத்து நாளல்ல, பத்து ஆண்டாக உடுக்கப்படாமல் கிடக்கும் ஆடை ஒன்றை எடுத்து, “இது யாருக்காகக் காத்திருக்கிறது?” என்று கேட்டுப் பார்த்தல் எல்லாருக்கும் இயலும். ஆனந்தர் தம் மிகையாடையைக் கையில் வைத்திருந்த நாட்களில் அதற்கு உரியவர் யார் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நமக்கும் அது தெரியுமானால், நம் கணக்கும் நேராகும்.